இருபத்திரண்டாயிரம் வித்தியாசம்

பூனைக்கு அடி வாங்குவதுதான் தொழில். கொடுப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பத்தாறு வயதுக் குத்துச்சண்டைக்காரனின் முகத்தில் கொடுத்தது எங்கே தெரிகிறது, வாங்கியதுதான் தெரிகிறது. மூக்கு மூன்று முறை உடைந்துவிட்டது. இடது காது கசக்கி எறிந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு புருவத்திலும் தையல் போட்ட இடத்தில் முடி முளைப்பதில்லை. ரிங்குக்குள் காலடிச் சத்தமே கேட்காமல் நகர்வான் என்பதால் பயிற்சிக்கூடத்தில் பூனை என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயர் வைத்தவர்களில் ஒருவருக்கு இப்போது தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கை நடுங்குகிறது. இன்னொருவர் சொந்தப் பிள்ளையைப் பெயர் மாற்றிக் கூப்பிடுகிறார். அழகான தொழில்தான், போங்கள்.

போன வருடம் ஒரு சண்டையின் நாலாவது ரவுண்டில் பூனையின் வலது கண்ணில் ஒரு குத்து விழுந்தது. கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ ஒரு திரை இறங்கியது. அந்தத் திரையோடு மீதி இரண்டு ரவுண்டும் சண்டை போட்டு, எதிராளியின் தாடையைப் பெயர்த்து, ஜெயித்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். வந்து தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் தம்ளருக்குப் பக்கத்தில் மேசைமேல் கொட்டியது. அப்போதுதான் அவன் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. கண் மருத்துவர் லேசர் வைத்து விழித்திரையை ஒட்டிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்: இன்னொரு பலமான அடி இதே கண்ணில் விழுந்தால் அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தச் சேதி கணவன் மனைவி இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சண்டைக்கு முன்னால் நிரப்பும் படிவத்தில் ‘கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததுண்டா’ என்று ஒரு கேள்வி இருந்தது. பூனை ‘இல்லை’ என்று எழுதினான். பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்தான். அவரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கையுறையைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். இன்னும் ஒரே ஒரு சண்டை, அதோடு சரி, அதில் வரும் பணத்தில் சின்னதாகச் சொந்தப் பயிற்சிக்கூடம் என்று பூனை கெஞ்சியதில் அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அவளுடைய தொழில் வீடியோ எடிட்டிங். விற்பனைக்கு வரும் வீடுகளை யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள். ஒழுகும் குழாயையும் ஈரம் ஊறிய சுவரையும் வெட்டித் தள்ளிவிட்டு, வீட்டை வெயிலும் காற்றும் நிறைந்த சொர்க்கமாக ஆக்கித் தருவது அவள் வேலை. பதினோரு வருட அனுபவம். அது வயிற்றுக்கு. புருஷனுக்காக அவள் செய்தது வேறு. அடுத்து மோதப் போகிறவனின் பழைய சண்டைகளைத் தேடி எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, அவன் குத்துவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பாள். ஒருவன் இடது கையை நீட்டும் முன் நாக்கைத் துருத்துவான். ஒருவனுக்குப் பின்னங்கால் குதிகால் எழும். அவள் பார்த்துச் சொன்னால் பூனை அதை அப்படியே நம்பி ரிங்குக்குள் இறங்குவான். கடைசி ஏழு சண்டையில் ஆறு ஜெயித்தது அப்படித்தான். தன் கண்ணைவிட அவள் கண்ணைத்தான் அவன் நம்பினான்.

கடைசிச் சண்டைக்கு எதிராளி முடிவானான். இருபத்துநாலு வயது. பெயர் சம்மட்டி. அவனோடு மோதியவர்களில் மூன்று பேரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்பணம் கைக்கு வந்த வாரம் அவளுடைய பழைய லேப்டாப் கருகிய வாடை அடித்துவிட்டுக் கண்ணை மூடியது. சண்டைக்கு இன்னும் ஐந்தே வாரம்.

கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே நிறம், ஒரே திரை, ஒரே எடை. ஒன்று அறுபத்துநாலாயிரம். இன்னொன்று எண்பத்தாறாயிரம்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு இருபத்திரண்டாயிரம் ஜாஸ்தி?" என்றாள்.

"உள்ள இருக்கிற பிராசசர் வேறம்மா. இது ஓடும். அது பறக்கும்."

"பறந்து எங்க போகப்போகுது? மேசை மேலதானே இருக்கப்போகுது."

கடைக்காரர் சிரித்தார். பொருளைத் தலையில் கட்டுகிற ஆள் இல்லை, நல்ல மனுஷர். "என்ன வேலைக்குன்னு சொல்லுங்க, எது போதும்னு நான் சொல்றேன்."

"வீடு விக்கிற வீடியோ எடிட் பண்றேன்."

"அதுக்கு இந்த அறுபத்துநாலே தாராளம்."

"அது மட்டும் இல்லண்ணே," என்று பூனை குறுக்கே விழுந்தான். "நான் யார்கிட்ட அடி வாங்கப்போறேன்னும் அதுலதான் பாக்கணும்."

கடைக்காரர் அப்போதுதான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்று காலைப் பயிற்சியில் உதடு கிழிந்து ரத்தம் காய்ந்து போயிருந்தது. அவர் தன்னையறியாமல் அரை அடி பின்னால் போனார். அவள் விளக்கினாள். சண்டையை நொடிக்கு நூற்றிருபது படம் வீதம் எடுத்திருப்பார்கள், பெரிய ஃபைல், அதை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"அப்படின்னா யோசிக்கணும்," என்றார் கடைக்காரர். "அந்த மாதிரி ஃபைல ஓடவிட்டா இதுக்கு மூச்சு வாங்கும். நடுவுல கொஞ்சம் படத்த விட்டுட்டுத் தாவித் தாவி ஓட்டும்."

"ஓட்டிப் பாக்குறப்பதானே தாவும்? ஃபைலுக்குள்ள எல்லாம் அப்படியேதானே இருக்கும்?"

"ஃபைல்ல ஒண்ணும் குறையாது."

"அப்ப போதும். பழைய மிஷின்லயும் அப்படித்தான் சமாளிச்சேன்."

"எண்பத்தாறையே எடுத்துரு," என்றான் பூனை. "உன் வேலைக்குத்தானே."

அவள் அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "அந்த இருபத்திரண்டாயிரம் கண்ணுக்கு. சண்டை முடிஞ்ச மறுநாள் டாக்டர்கிட்ட போறோம். ஸ்கேனுக்கே பாதி போயிரும்."

"கண்ணு எங்க ஓடிப்போகுது?"

"ஓடிப்போறதுக்குத்தானே நீ வழி பண்ணிட்டிருக்க!" கோபம் வந்தால் அவளுக்கு ‘ங்க’ எல்லாம் பறந்துவிடும்.

பூனை பணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அறுபத்துநாலாயிரத்தைக் கட்டி, பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, மிச்சப் பணத்தை அவள் உறையில் போட்டு அலமாரியில் பத்திரப்படுத்தினாள். கண்ணுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று அன்று அவளுக்கு எவ்வளவு திருப்தி!

சம்மட்டியின் சண்டைகள் ஐந்து கிடைத்தன. பகல் முழுக்க வீட்டு வீடியோக்களை முடித்துக் கொடுத்துவிட்டு, மாலையில் சம்மட்டியைத் திறந்து வைப்பாள். பார்க்கவே சகிக்காது. ஒருவனுடைய பல் கயிற்றைத் தாண்டித் தெறிக்கிறது. ஒருவன் விழுந்த பிறகும் கால் தனியாக உதைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் கண்ணைத் திறந்து வைத்தபடியே மயங்கிக் கிடக்கிறான். இவை எல்லாவற்றையும் அவள் கால் பங்கு வேகத்தில், திரும்பத் திரும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

கடைக்காரர் சொன்னபடியே புது லேப்டாப் திணறியது. விசிறி இரைந்தது. படம் ஓடும்போது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி எரியும். ‘எல்லாப் படத்தையும் என்னால் காட்ட முடியவில்லை, சிலதை விட்டுவிட்டு ஓட்டுகிறேன்’ என்று அந்த மிஷின் சொல்கிற விதம் அது. பதினோரு வருடமாக அவள் அந்தப் புள்ளியைப் பார்த்துவருகிறாள். எடிட்டிங் தெரிந்த எவரும் அதைச் சட்டை செய்வதில்லை. வெட்டி ஒட்டும்போது எவ்வளவு தாவினால் என்ன? கடைசியில் வேலையை முடித்து வெளியே எடுக்கும்போது ஒரு படம்கூடக் குறையாமல் முழுதாக வரும். வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தானே.

ஆனால் சம்மட்டியின் வீடியோவை யாருக்கும் முடித்துக் கொடுக்கப் போவதில்லை. முழுதாக வெளியே எடுக்கப் போவதும் இல்லை. அவள் பார்ப்பதோடு சரி. தொழில் கைவந்த பெண் என்பதாலேயே இந்தச் சின்ன வித்தியாசம் அவள் மூளையில் உறைக்கவில்லை. நேற்று எடிட்டிங் கற்றுக்கொண்டவளாக இருந்திருந்தால் அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்துப் பயந்திருப்பாள்.

பத்தாம் நாள் அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "கெடச்சாச்சு! இங்க வாங்க."

திரையில் சம்மட்டி வலது கையால் ஓங்கிக் குத்தினான். எதிராளி பின்னால் போனான். சம்மட்டியின் வலது கை கீழே இறங்கியது. அரை நொடி அப்படியே நின்றான்.

"பாத்தீங்களா? வலது போட்டதும் செத்த மாதிரி நிக்கிறான். அஞ்சு சண்டையிலயும் இப்படித்தான். எல்லாரும் பயந்து பின்னால போறாங்க. நீங்க போகாதீங்க. வலது வர்றப்ப குனிஞ்சு, அந்த அரை நொடியில உள்ள பூந்துருங்க."

பூனை இரண்டு முறை பார்த்தான். "உன்ன அடிச்சுக்க ஆளே இல்ல," என்று அவள் தலையில் செல்லமாகக் குட்டினான்.

அந்த அரை நொடியில் உண்மையில் என்ன இருந்தது என்றால், சம்மட்டியின் இடுப்பு ஒரு திருகு திருகி, இடது முஷ்டி புறப்படத் தயாராகி, எதிரே ஆள் இல்லாததால் அப்படியே திரும்பிப் போயிருந்தது. நாலைந்து படத்தில் முடிந்துவிடுகிற சமாச்சாரம். ஃபைலுக்குள் அத்தனையும் இருந்தது. அறுபத்துநாலாயிரம் அதைத்தான் தாவிப் போயிற்று.

மூன்று வாரம் அண்ணன் அதையே அவன் உடம்பில் ஏற்றினார். அவர் ஏற்றுகிற விதம் தனி. கையில் குத்துத் தாங்கும் தோல் தட்டை மாட்டிக்கொண்டு சம்மட்டி மாதிரி வலதை வீசுவார். பூனை குனிந்து உள்ளே வரவேண்டும். கால் ஒரு இழை தாமதித்தால் அதே தட்டால் பிடரியில் ஒன்று விழும்.

"யோசிக்கிறியா மாப்ள? யோசிக்கிற வேலையெல்லாம் என் தங்கச்சி பாத்துக்குவா. உன் காலு தானா போகணும். மறுபடி!"

நாளைக்கு இருநூறு தடவை. பூனை வாந்தி எடுத்துவிட்டு வந்து நிற்பான். அவர் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிவிட்டு மறுபடி வலதை வீசுவார். ஒருநாள் விலாவில் பட்ட அடியில் பூனைக்கு மூச்சே நின்று முகம் நீலமாகிவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் ஓடிப்போய் அண்ணனைப் பிடித்துத் தள்ளினாள். "மனுஷனா நீ?" என்று கத்தினாள். அவர் சிரித்தார். "இங்க நான் அடிச்சா வலிக்கும். அங்க அவன் அடிச்சா ஆளே இருக்க மாட்டான். தள்ளு." மூன்றாம் வாரக் கடைசியில் வலது வருவதைப் பார்த்தவுடன் பூனையின் கால் அவனைக் கேட்காமலேயே உள்ளே போயிற்று. அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்து வியர்வையோடு நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு ஆள் ஆரம்பத்திலிருந்தே "கொல்லு, கொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தான். யாரை யார் கொல்ல வேண்டும் என்று அவனுக்கே தெரியாது போல.

முதல் ரவுண்டு பூனையுடையது. சத்தமே இல்லாமல் சுற்றினான். சம்மட்டியின் வயிற்றில் நாலு வைத்தான், வாயில் ஒன்று வைத்தான். சம்மட்டி ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

இரண்டாவது ரவுண்டில் சம்மட்டி வலதை வீசினான். பூனை குனிந்தான். கால் தானாக உள்ளே போயிற்று.

ஒரு சாண் தூரம்கூட இல்லாத இடத்திலிருந்து ஒரு இடது வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடித்தாற்போல ஒரு சத்தம். பூனையின் தலை திரும்பிய வேகத்தில் வியர்வை முதல் வரிசைவரை தெறித்தது. ஒரு முழங்கால் தரையில் பட்டது. நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்துவிட்டான். வலது புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

ஏதோ குருட்டாம்போக்கில் பட்ட அடி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி வலது வந்தது. மறுபடி அவன் உள்ளே போனான். மறுபடி அதே இடது, அதே கண்ணில். இந்த முறை அவள் சம்மட்டியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திருகியதைக் கண்ணாரப் பார்த்தாள். ஐந்து சண்டையை நூறு தடவை ஓட்டியும் பார்க்காத ஒன்று. அப்போது அவளுக்கு மஞ்சள் புள்ளி ஞாபகம் வந்தது. ஐயோ, நானே அவரை அந்த முஷ்டிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

மணி அடித்தது. ஒரு நிமிட இடைவேளை. அவள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். காவலாள் ஒருவன் குறுக்கே கையை வைத்து, "போகக் கூடாதும்மா," என்று தோளைப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு விட்டுவிட்டான். ரிங்கின் மூலையில் அண்ணன் பூனையின் புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். வெள்ளைத் துண்டு அவர் தோளில் கிடந்தது. அந்தத் துண்டை ரிங்குக்குள் எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார்.

"உள்ள போகாதீங்க!" என்று அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நான் சொன்னது தப்பு. அவன் நிக்கல. வலதுக்குப் பின்னால இடது இருக்கு. லேப்டாப் அதக் காட்டல!"

பூனை அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். வாய்க்காப்பை எடுத்ததும் எச்சிலும் ரத்தமும் ஒழுகியது. "நீ பத்து நாள் உக்காந்து பாத்தது தப்பு, மூணாவது வரிசையில ஒரு நிமிஷம் பாத்தது சரியா? பயந்துட்ட, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சீக்கிரமா பூந்தா அவன் காலி."

"இல்லங்க, இல்ல. என்ன நம்புங்க."

"உன்னத்தான் நம்பறேன்," என்றான் அவன்.

"வீட்டு அழுகையெல்லாம் வீட்டுல வச்சுக்க," என்று அண்ணன் அவளைப் புறங்கையால் ஒதுக்கினார். மணி அடித்துவிட்டது. பூனை எழுந்து போனான்.

அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "துண்டப் போடு அண்ணா. அவருக்கு அந்தக் கண்ணு போன வருஷமே கிழிஞ்சது. லேசர் வச்சு ஒட்டியிருக்கு. இன்னொண்ணு பட்டா போயிரும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சோம்."

அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தச் சேதி அவர் மண்டைக்குள் இறங்க ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "இத இப்பவாடி சொல்ற? இத்தன மாசம் நான் அவன அடிச்சிருக்கேனே, அப்ப எங்க போச்சு வாய்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கை துண்டுக்குப் போயிற்று. போனது அங்கேயே நின்றது. "இந்த ஒரு ரவுண்டு. முதல் ரவுண்டு நமக்குத்தான். இந்த ரவுண்டு தாண்டட்டும், நானே நிறுத்திடறேன்."

இருபது வருடம் ஆட்களை அடிவாங்க வைத்துப் பழகிய கை சட்டென்று துண்டை எறிந்துவிடுமா? எறியாது. அவள் காலடியில் கிடந்த தண்ணீர் வாளியை எடுத்து, சொந்த அண்ணன் முகத்தில், முழு பலத்தோடு வீசினாள். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் மடங்கி உட்கார்ந்தார். அவர் தோளிலிருந்து துண்டைப் பிடுங்கி ரிங்குக்குள் எறிந்தாள்.

துண்டு நடுவருக்குப் பின்னால் போய் விழுந்தது. நடுவர் திரும்பவில்லை. அவர் பார்வை இரண்டு பேரின் கையிலும்தான் இருந்தது. கூட்டத்தில் நூறு பேர் துண்டைப் பார்த்துக் கத்தினார்கள். அவர்கள் ஏற்கனவே கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், யாருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அவள் கயிற்றுக்குள் தலையை நுழைத்துத் தவழ்ந்தாள். சம்மட்டி வலதை வீசினான்.

"போகாத!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பூனைக்கு அது கேட்டிருக்கும் என்றுதான் அவள் இன்றுவரை நம்புகிறாள். அவன் தலை லேசாக அவள் பக்கம் திரும்பிற்று. ஆனால் நாளைக்கு இருநூறு தடவை பழக்கிய கால் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு உள்ளே போயிற்று. இடது வந்தது. பூனை நின்ற நிலையிலேயே தூங்கிப்போய், கையைக்கூட ஊன்றாமல், முகம் குப்புற விழுந்தான்.

அதற்குப் பிறகுதான் நடுவர் துண்டைப் பார்த்தார். அவள் கணவனைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். சம்மட்டி இன்னமும் அருகிலேயே முஷ்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் முழங்காலில் அவள் உதைத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு நகர்ந்து போனான். அவனைச் சொல்லிக் குற்றம் இல்லை, அவன் வேலையை அவன் செய்தான்.

அரங்கத்துக்குப் பின்னால் இருந்த முதலுதவி அறையில் ஒரு படுக்கை, ஒரு மேசை, சுவரோரம் இரண்டு நாற்காலி. அண்ணன் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அவருக்கு முகம் இல்லை. பூனைக்கு நினைவு வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. வலது கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வீக்கம்தான் இருந்தது.

"என்னாலதான்," என்று அவள் படுக்கையின் கால்மாட்டில் நின்று அழுதாள். "நான் அந்த விலை கூடின லேப்டாப்பையே வாங்கியிருக்கணும். கஞ்சத்தனம் பண்ணி உங்க கண்ணக் கெடுத்துட்டேன். நானே கெடுத்துட்டேன்."

"சும்மா இரு. ஒண்ணும் ஆகல," என்றான் அவன். குரல் குழறியது. "வீங்கியிருக்கு, அவ்வளவுதான். நல்லாத் தெரியுது எனக்கு."

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. ஐஸ் வைத்து, வீங்கிய இமையை இரண்டு விரலால் மெல்ல விரித்து, சின்ன டார்ச்சால் உள்ளே அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தன் இடது உள்ளங்கையால் பூனையின் நல்ல கண்ணை முழுக்க மூடினார்.

"இப்ப நான் எத்தன விரல் காட்டறேன்னு சொல்லுங்க."

பூனை ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. அவள் விசும்பல் வந்த திசையைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"ரெண்டு," என்றான்.

மருத்துவரின் வலது கை இன்னும் டார்ச்சைப் பிடித்தபடி மேசைமேல்தான் இருந்தது. விரலைத் தூக்கவே இல்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் திணித்து ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு, கிட்டப் போய், அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "ரெண்டுதான்."